குன்னூருக்குக் குடிபெயர்கிறீர்களா? லாரி பிடிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

நீலகிரியில் இரண்டு நாள் தங்குவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே வாடகைக்கு வீடு பிடித்து, கேஸ் மாற்றி, ரேஷன் கார்டில் முகவரி திருத்தி, ஈரத்தோடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டோடும் குடித்தனம் நடத்துவது எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நாங்கள் சென்னையிலிருந்து குன்னூருக்கு வயதான அம்மாவோடும் பள்ளி செல்லும் பிள்ளையோடும் குடிவந்தபோது ஒவ்வொன்றையும் விசாரித்து, அலைந்து, காத்திருந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் வையுங்கள். சரியான வீடு, அந்த வீட்டுக்குப் பதிவு செய்த ஒப்பந்தம். இந்த இரண்டும் கைக்கு வராமல் லாரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாக் காகிதங்களும் அந்த ஒப்பந்தத்தின் பின்னால்தான் வரும்.

1. எந்த ஊர், எந்த மாதம்

நீலகிரி என்றால் ஒரே குளிர், ஒரே மழை என்று நினைத்துவிடாதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பருக்குப் பிறகு நீர்ப்பனி, அடுத்து உறைபனி. காந்தல், தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், குளிர் தாங்கக்கூடியது. கோத்தகிரியும் ஏறக்குறைய அப்படித்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் உயரம் குறைவு, மழை அதிகம்.

மழையும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். ஊட்டி, கூடலூர், அவலாஞ்சி பகுதிகளுக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு முக்கியமானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையம் பாதையில் மண்சரிவு, மரம் விழுதல், மலை ரயில் ரத்து என்ற செய்திகள் பெரும்பாலும் அந்த மூன்று மாதங்களில்தான் வரும்.

ஆகவே குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ வருபவர்களுக்கு என் யோசனை: நவம்பரில் வந்து வீடு பாருங்கள், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ குடிவாருங்கள். எந்தச் சுவர் ஒழுகுகிறது, எந்தப் பாதை சேறாகிறது என்பதை மழைக்காலம் மறைக்காமல் காட்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வீடு தேடவே வேண்டாம். அது சீசன். நாள் வாடகைக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் பல உரிமையாளர்கள் அப்போது மாத வாடகைக்குப் பேசவே மாட்டார்கள். பேசினாலும் சீசன் விலைதான்.

பள்ளியில் சேர்க்க வேண்டிய பிள்ளை இருந்தால் ஜனவரியிலேயே பள்ளிகளில் விசாரித்துவிடுங்கள். ஜூனில் வகுப்பு தொடங்குகிறது என்று மே மாதம் போய் நின்றால் இடம் இருக்கும் பள்ளி வீட்டிலிருந்து மலையின் மறுபக்கத்தில் இருக்கும்.

2. வீடு பார்க்கும்போது எதைப் பார்ப்பது

ஜன்னலில் தெரியும் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுப்பவர்கள் நிறைய. காட்சியைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில் வெயில். காலை ஒன்பது மணிக்கு ஒரு முறையும் மாலை மூன்று மணிக்கு ஒரு முறையும் அதே வீட்டுக்குப் போங்கள். இரண்டு வேளையும் எந்த அறையிலும் வெயில் விழவில்லை என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். மலையின் நிழல் பக்கத்து வீடுகளில் துணி காயாது, சுவர் காயாது, முதியவர்களின் மூட்டுவலி அடங்காது.

அடுத்து ஈரம். புதிதாக வெள்ளையடித்த வீட்டை நம்பாதீர்கள். பெயிண்ட் பூஞ்சையை இரண்டு மாதம் மறைக்கும், அவ்வளவுதான். சுவர் அலமாரியின் கதவைத் திறந்து உள்ளே முகத்தை வைத்து மோந்து பாருங்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் கூடம் பளிச்சென்று இருந்தது. சமையலறைப் பரணில் கையை விட்டுத் தடவினேன். விரலில் கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. பரணையும் அலமாரியின் பின்பக்கத்தையும் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. உண்மை அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது தண்ணீர். ‘தண்ணீர்ப் பிரச்சினை இல்லை’ என்பது பதில் ஆகாது. நகராட்சிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, மார்ச், ஏப்ரலில் எத்தனை நாள் ஆகிறது, தொட்டியின் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்டதைப் பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்கள். கணக்கு எளிது. நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் 1,000 லிட்டர் தொட்டி இரண்டரை நாள்தான் வரும். வாரம் ஒரு முறை தண்ணீர் வரும் தெருவில் உங்களுக்கு 3,000 லிட்டர் சேமிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். அந்த லாரி உங்கள் வாசல்வரை வருமா என்பதும் இன்னொரு கேள்வி.

நான்காவது பாதை. இங்கே பல வீடுகள் சாலையிலிருந்து ஐம்பது, அறுபது படி கீழே இருக்கும். உங்களால் இறங்க முடியும் என்பது போதாது. பீரோ, கேஸ் சிலிண்டர், அவசரத்துக்கு ஸ்ட்ரெச்சர் ஆகியவையும் அந்தப் படியில் ஏற வேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால் வாசல்வரை வண்டி வரும் வீடு மட்டும் பாருங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

ஐந்தாவது, வீட்டின் பின்னால் இருக்கும் மண்மேடு. 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையைச் செங்குத்தாக வெட்டிக் கட்டிய வீடா என்று பாருங்கள். தடுப்புச் சுவர் இருந்தால் அதில் நீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, மேலே மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். மாவட்ட நிர்வாகம் அபாயகரமான இடங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் தெரு அதில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டால் சொல்வார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், உங்கள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் நின்று பேசிப் பாருங்கள். ஒரு வளைவு தள்ளினால் சிக்னல் போய்விடும் ஊர் இது. தெருவில் ஃபைபர் இணைப்பு உள்ள ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, மழையில் எத்தனை நாள் அறுந்துகிடக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.

3. ஒப்பந்தம்: இங்கேதான் பொறுமை வேண்டும்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; கையெழுத்தான 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. மாத வாடகை 15,000 என்றால் முன்பணம் 45,000. ஆனால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கேயும் வழக்கத்தில் இருக்கிறது. சட்டத்தைச் சண்டைக்கு இழுக்காமல் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேசினால் ஐந்தில் நிற்கும். எழுதிய சட்டத்தைக் காட்டினால் மூன்றுக்கு வரும்.

நாங்கள் முதலில் பேசிய ஒரு வீட்டில், வாடகை, முன்பணம் எல்லாம் ஒத்துவந்த பிறகு, ‘ஒப்பந்தம் எழுதலாம், பதிவு வேண்டாம்’ என்றார் உரிமையாளர். வரிக்கணக்கில் வந்துவிடும், காலி செய்ய மாட்டீர்கள் என்ற இரண்டு பயம் அவருக்கு. நல்ல மனிதர், நல்ல வீடு. ஆனால் பதிவில்லாமல் எங்கள் பெயரில் ஒரு முகவரிச் சான்றும் எளிதில் கிடைக்காது என்று தெரிந்ததால் விட்டுவிட்டோம். உங்களுக்கும் இதே பதில் வரும். அப்போது ஒன்று சொல்லிப் பாருங்கள்: காலம் முடிந்தும் காலி செய்யாத வாடகைதாரரிடம் கூடுதல் வாடகை வசூலிக்க அதே சட்டம் உரிமையாளருக்கு வழி தருகிறது. பதிவு அவருக்கும் பாதுகாப்புதான். இதைக் கேட்டு மனம் மாறியவர்கள் உண்டு. எங்கள் இப்போதைய வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர்.

இது போக, சார்பதிவாளர் அலுவலகப் பதிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு அது கட்டாயமில்லை. ஓராண்டுக்கு மேற்பட்டதென்றால் அங்கே பதிவாக வேண்டும். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 20,000 ரூபாய். யார் இதைச் செலுத்துவது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாதிப் பாதி என்பது நியாயம்.

ஒப்பந்தத்தில் எழுத மறக்கக் கூடாதவை: ஒழுகல் பழுதுபார்ப்பது யார் செலவு, தண்ணீர் லாரி யார் செலவு, மழையில் விழுந்த மரத்தை அகற்றுவது யார் பொறுப்பு. மிக முக்கியமாக, ஈரத்தால் வரும் பூஞ்சைக் கறைக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்று ஒரு வரி. இது இல்லாததால் வீடு காலி செய்யும்போது ‘சுவரைக் கெடுத்துவிட்டீர்கள்’ என்று முன்பணத்தில் பெரும்பகுதி பிடிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். குடிபோகும் அன்றே எல்லாச் சுவர்களையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

பெருந்தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் ‘லீஸ்’ முறைக்குப் போகிறீர்கள் என்றால் வில்லங்கச் சான்று எடுக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீடு வங்கிக் கடனில் இருந்து, கடன் நின்றுபோனால், உங்கள் பணம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

4. சாமான் ஏற்றுவது

கேஸ் சிலிண்டரை ஏற்றாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில். ஏசியை விற்றுவிடுங்கள். மரத்தூள் பலகையில் செய்த அலமாரி, கட்டில், மேசை ஆகியவை இங்கே ஊறி உப்பிப் போய்விடும். இரும்பு பீரோவும் நல்ல மரமும் தாங்கும். தோல் செருப்பு, தோல் பை எல்லாம் ஒரு மழைக்காலத்தில் வெள்ளை பூத்துவிடும்.

விலை பேசும்போது நான்காகப் பிரித்துக் கேளுங்கள்: அங்கே ஏற்றுகூலி, லாரி வாடகை, இங்கே இறக்குகூலி, படிக்குக் கூலி. ‘எல்லாம் சேர்த்து’ என்று ஒரே தொகையாகப் பேசினால் படிக்கட்டைப் பார்த்ததும் புதுத் தொகை பேசப்படும். வீட்டு வாசலுக்குப் பெரிய லாரி வராது என்றால் சாலையிலிருந்து சின்ன டெம்போவுக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் மாலை கிளம்பினால் விடியும்போது மேட்டுப்பாளையம். பகல் வெளிச்சத்தில் மலையேறி, மதியத்துக்குள் இறக்கிவிடலாம். இரவில் மலைப்பாதையில் லாரி ஏற்றச் சொல்லாதீர்கள்.

லாரிக்கும் இ-பாஸ் வேண்டும். வெளி வாகனங்கள் நீலகிரிக்குள் வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு அது; விவரம் 6ஆம் பகுதியில். யார் எடுப்பது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். மலையடிவாரத்தில் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு எடுக்கும் வேலையாக அது ஆகக்கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை இருக்கிறது. வழியில் சோதனை செய்து அபராதம் போடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வாருங்கள்.

5. காகிதங்களின் வரிசை

இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வோர் அலுவலகத்திலும் ‘முகவரிச் சான்று கொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

முதலில் கேஸ். பழைய ஊர் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, இடமாற்றச் சீட்டு வாங்குங்கள். இணைப்பு எடுத்தபோது கொடுத்த அசல் சந்தா ரசீது தேவைப்படும். அதைக் குடிபெயர்வதற்கு ஒரு மாதம் முன்பே தேடி எடுத்து வையுங்கள். இங்கே அதே நிறுவனத்தின் ஏஜென்சியில் இடமாற்றச் சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் கொடுத்தால் புதிய வைப்புத்தொகை கட்டி இணைப்பு பெறலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய். பழைய வைப்புத்தொகை எந்த ஆண்டு கட்டினீர்களோ அந்தத் தொகைதான் திரும்பக் கிடைக்கும். வித்தியாசத்தைக் கையில் வைத்திருங்கள். இரண்டாவது சிலிண்டர் கட்டாயம் எடுங்கள். பாதை அடைபட்டால் சிலிண்டர் லாரியும் கீழேயே நிற்கும்.

இரண்டாவது ஆதார். மின்கட்டண ரசீது உரிமையாளர் பெயரில் இருப்பதால் உங்களுக்கு உதவாது. உங்கள் பெயரில் வந்த கேஸ் ரசீது, மூன்று மாதத்துக்குள் பெற்றதாக இருந்தால், முகவரிச் சான்றாகச் செல்லும். பதிவு செய்த வாடகை ஒப்பந்தமும் செல்லும். குடும்பத்தில் ஒருவர் முகவரி மாற்றிவிட்டால் மற்றவர்கள் ‘குடும்பத் தலைவர்’ வழியாக விண்ணப்பிக்கலாம். அவர் 30 நாட்களுக்குள் இணையத்தில் ஒப்புதல் தர வேண்டும். மறந்தால் விண்ணப்பம் ரத்தாகிவிடும், கட்டணமும் திரும்பாது.

மூன்றாவது ரேஷன் கார்டு. ஆதாரில் முகவரி மாறிய பிறகு உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஒப்புதல் தருவது வட்ட வழங்கல் அலுவலகம். நிலுவையிலேயே நின்றால் விண்ணப்ப எண்ணோடு நேரில் போங்கள். பெரும்பாலும் ஆவணப் படம் தெளிவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

நான்காவது வாக்காளர் அட்டை. படிவம் 8. கட்டணம் இல்லை. புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐ நிரப்பிவிடாதீர்கள், இரண்டு இடத்தில் பெயர் வந்து சிக்கலாகும்.

வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் ஆதார் மாறிய பிறகு வீட்டிலிருந்தபடியே மாற்றிவிடலாம்.

6. வண்டி

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்குத் தேவையில்லை; அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கும் தேவையில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வண்டியின் பதிவுச் சான்றில் முகவரியை நீலகிரிக்கு மாற்றினாலும் எண் மாறாது. சென்னை எண் சென்னை எண்ணாகவே இருக்கும். சோதனைச் சாவடியில் பார்ப்பது எண்ணைத்தான். ஆகவே இங்கேயே குடியிருந்தும் வேறு பதிவெண் வைத்திருப்பவர்கள், முகவரி ஆவணங்களைக் கொடுத்து உள்ளூர் பாஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊட்டியில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இதை விசாரியுங்கள். பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஆதார், வாடகை ஒப்பந்தம் ஆகிய ஐந்தையும் அசலும் நகலுமாக எடுத்துப் போங்கள். பதிவுச் சான்று முகவரி மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 30 நாள் கெடு வைத்திருக்கிறது. கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் சம்மதமும் வேண்டும். அதற்கே இரண்டு வாரம் ஆகலாம்.

உங்களைப் பார்க்க வரும் உறவினர்களிடம் கிளம்புவதற்கு முன்பே இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. சீசனில் கடைசி நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் மேட்டுப்பாளையத்திலேயே திரும்ப வேண்டியிருக்கும். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதையாகவும் மாற்றுவார்கள். கோவையில் மருத்துவரைப் பார்க்கும் நாளில் இதையும் கணக்கில் வையுங்கள்.

மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது முறை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அப்படித்தான்.

7. குளிரும் மின்கட்டணமும்

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டணச் சலுகை போய்விடும். 2,000 வாட் ஹீட்டரைத் தினம் நான்கு மணி நேரம் ஓட்டினால் நாளொன்றுக்கு 8 யூனிட். அறுபது நாளில் 480. ஹீட்டர் ஒன்றே அந்த எல்லைவரை கொண்டுபோய்விடும். வெந்நீருக்கு கீசர் வேறு. அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக வைத்துக்கொள்வது மலிவு: தெர்மல் உள்ளாடை, கம்பளிச் சாக்ஸ், நல்ல கம்பளி. குடிபோகும் முன் அந்த வீட்டின் மின் இணைப்பு எண்ணை வாங்கி நிலுவை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலையூர்களில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. கீழேயிருந்து வரும் விருந்தாளிகளிடமும் சொல்லிவையுங்கள்.

8. சமையலும் துணியும்

குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது போலத் தோன்றும். எல்லாவற்றுக்கும் குக்கர்தான், வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட்டுங்கள், கொண்டைக்கடலையை ஊறவைக்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.

இட்லி மாவு தனிக் கதை. சென்னையில் இரவு அரைத்தால் காலையில் பொங்கி வழியும். இங்கே டிசம்பரில் இரண்டு நாளானாலும் அரைத்தது அரைத்தபடியே கல்லாக இருக்கும். அம்மா கண்ட வழி இது: வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு முற்பகலிலேயே அரைப்பது, உப்பைக் கையாலேயே கரைத்துக் கலப்பது, மாவுப் பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய பெரிய அண்டாவுக்குள் இறக்கி மூடி, மேலே பழைய கம்பளியைச் சுற்றி அடுப்பு மேடையில் வைப்பது. இரவு தூங்கப் போகும்முன் வெந்நீரை ஒரு முறை மாற்றினால் காலையில் மாவு ஏறியிருக்கும்.

காய்கறிக்கு உழவர் சந்தைக்குப் போங்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் அன்று பறித்தது. தேங்காய், வாழைப்பழம், மீன் ஆகியவை கீழேயிருந்து வருவதால் விலை கூடுதல். மழையில் பாதை அடைபட்டால் இன்னும் கூடும்.

துணி மழைக்காலத்தில் மூன்று நாள் காயும். துணியைச் சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் மெத்தை, தலையணை, புத்தகம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுங்கள். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

9. மழையும் விலங்கும்

பருவமழை தொடங்கும்முன் இரண்டு வார மளிகை, ஒரு மாத மருந்து, டார்ச், இன்வெர்ட்டர். பேரிடர் உதவிக்கு 1077 என்ற எண்ணை வீட்டில் எல்லோர் தொலைபேசியிலும் பதிவு செய்யுங்கள். பின்மேட்டில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ கலங்கல் தண்ணீர் ஊறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே வெளியேறுங்கள்.

காட்டெருமை தேயிலைத் தோட்டத்தில் சர்வசாதாரணமாக மேயும். பார்த்தால் நில்லுங்கள், படமெடுக்க நெருங்காதீர்கள், வழிவிட்டுச் சுற்றிப் போங்கள். கரடி எண்ணெய் வாசனைக்கு வரும். சமையலறைக் கதவு உறுதியாக இருக்க வேண்டும், எண்ணெய் டின்னை வெளியே வைக்கக் கூடாது. குப்பையை இரவில் வாசலில் வைக்காதீர்கள். காலையில் வண்டி வரும்போது தரம் பிரித்துக் கொடுங்கள். நாய் வளர்த்தால் இரவில் வீட்டுக்குள் கட்டுங்கள், சிறுத்தை முதலில் தேடி வருவது நாயைத்தான்.

10. மருத்துவம்

குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025இல் புதிய கட்டடத்தோடு பெரிதாகியிருக்கிறது. ஆனாலும் பல சிறப்புச் சிகிச்சைகளுக்குக் கோவைதான். தூரம் சுமார் 70 கிலோமீட்டர், சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். சீசனிலும் மழையிலும் சொல்ல முடியாது. இதயநோய், ஆஸ்துமா உள்ள முதியவரோடு வருகிறீர்கள் என்றால் முதலில் அவருடைய மருத்துவரிடம் உயரத்தையும் குளிரையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் டிசம்பரில் பத்து நாள் வாடகை அறையில் தங்கவைத்துப் பாருங்கள். அந்தச் செலவு வீணல்ல.

11. இடம் வாங்கும் ஆசை வந்தால்

முதல் ஆண்டு வாங்காதீர்கள். இரண்டு பருவமழையையும் இந்த மண்ணில் பார்த்த பிறகு யோசியுங்கள். தேயிலைத் தோட்டத்தைத் துண்டுபோட்டு ‘வீட்டுமனை’ என்று விற்பவர்கள் உண்டு. பத்திரம் பதிவாகும், வீடு கட்ட அனுமதி கிடைக்காது. மலைப்பகுதிக்கான கட்டட விதிகள் தனி. நிலத்தைச் சமன்படுத்த மண் வெட்டும் இயந்திரம் கொண்டுவரவும் முன் அனுமதி தேவை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜன்மம் என்ற, ஜமீன் போன்ற பழைய நில உரிமை முறையால் வந்த சிக்கல் இருக்கிறது; 1969ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலமா என்று தெரியாமல் பேச்சே தொடங்காதீர்கள். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடம் குறித்த உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு இருக்கிறது; விலை மலிவாக இருந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம்.

வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது ஆண்டுக்கு, பட்டா, நில அளவை வரைபடம், உள்ளாட்சி அனுமதி, வனத்துறை எல்லை ஆகிய ஐந்தையும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அறிமுகப்படுத்தும் வழக்கறிஞராக அவர் இருக்கக் கூடாது.